பினாங்குக்குச் சாப்பிடப் போகிறவர்கள் முதலில் மணியைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் போதும், கோலாலம்பூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் எங்கள் வீடு இருப்பது ஞாபகம் வந்துவிடும். நம்மைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று அம்மா நினைத்துக்கொள்வார். அவர்களோ காடியை, அதாவது காரை, விட்டு இறங்கி, தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்கும் முதல் கேள்வி, "பினாங்குல எங்கடா நல்லா இருக்கும்?" என்பதுதான். பத்துப் பன்னிரண்டு வருடமாக இதே பதிலை ஆளுக்கு ஒரு தடவை சொல்லி அலுத்துவிட்டது. சரி, ஒரேயடியாக எழுதிவிடலாம், இனிமேல் கேட்கிறவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் சமையல்காரன் இல்லை. கூலிமில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட்டு. தாத்தா பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டினார், அப்பா அதே தோட்டத்தில் செம்பனைக்குலை அறுத்தார், எனக்கு அரிவாள் பிடிக்கத் தெரியாது. தாத்தா காலத்தில் பினாங்கு என்றால் வருடத்துக்கு ஒரு தடவை, தைப்பூசத்துக்கு, லோரியில் மொத்த லயமும் ஏறிப் போவது. தண்ணீர்ப் பந்தலில் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான் அவர்களுக்குப் பினாங்குச் சாப்பாடு. இப்போது எங்களுக்குப் பாலத்தைத் தாண்டினால் பினாங்கு, மாதத்துக்கு இரண்டு தடவையாவது போகிறோம், அதில் பாதித் தடவையாவது ஏமாந்திருக்கிறேன் என்பதால்தான் இதைச் சொல்லும் தகுதி இருப்பதாக நினைக்கிறேன்.

ஏமாந்தது எல்லாம் ஒரே காரணத்தால்தான். கடையின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு போனது. பினாங்கில் ஒரே கடைக்கு ஒரு மணிக்குப் போவதும் நாலு மணிக்குப் போவதும் ஒன்றில்லை. காலையில் கிடைப்பது மதியம் இருக்காது, மதியத்துக் கடை நாலு மணிக்கு மூடிவிடும், அதே இடத்தில் ஆறு மணிக்கு வேறொருவர் அடுப்பு மூட்டுவார். சட்டி காலியானால் கடையும் முடிந்தது, அவ்வளவுதான். இத்தனை இனம் சேர்ந்த ஊரில் ஒரே மாதிரி விடுமுறை நாளும் கிடையாது. ஒருவருக்குத் தொழுகை, ஒருவருக்கு விரதம், இன்னொருவருக்கு மாதத்தில் இரண்டு நாள் சைவம். இதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு போனால் சுமாரான கடையில்கூட நல்ல சாப்பாடு கிடைக்கும், போடாமல் போனால் பேர்பெற்ற கடையில் ஆறிப்போனதுதான் கிடைக்கும்.

எங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், பினாங்கில் சனியும் ஞாயிறும். ஆக வெள்ளிக்கிழமை நாம் வீட்டில் இருக்கும்போது தீவுக்காரர்கள் எல்லோரும் வேலையில் இருப்பார்கள், கடைகளில் கூட்டம் பாதிதான். கோலாலம்பூர்க்காரர்கள் சனிக்கிழமை மதியம் பாலத்தில் நெரிசலில் நின்றுவிட்டு "பினாங்கே இப்படித்தான்" என்று திட்டுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் வெள்ளிக்கிழமையில் இரண்டு சிக்கல். ஒன்று, மதியம் தொழுகை நேரத்தில் பல நாசி கண்டார் கடைகள் அடைத்துவிடுவார்கள், இரண்டு மணி இரண்டரை வரைக்கும் போகாதீர்கள். இன்னொன்று என் அம்மா. வெள்ளிக்கிழமை அவருக்குச் சைவம். அந்தக் கதை அப்புறம்.

முதலில் நாசி கண்டார். நம்மாட்கள் பலர் இதை மலாய்ச் சாப்பாடு என்று நினைக்கிறார்கள். கண்டார் என்றால் காவடித்தடி. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் தடியை வைத்து, ஒரு பக்கம் சோறு, இன்னொரு பக்கம் குழம்பு என்று சுமந்துகொண்டு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு விற்றார்கள், அந்தத் தடிதான் பெயராகிவிட்டது. "நம்மாளு மலைக்குக் காவடி எடுத்தான், ராவுத்தர் வயித்துக்குக் காவடி எடுத்தாரு" என்று அப்பா சொல்வார். கடையில் நின்று தமிழில் கேட்டுப் பாருங்கள், பதில் தமிழிலேயே வரும். முதலாளி வீட்டு வேர் கடையநல்லூரோ ராமநாதபுரமோ, அள்ளிப் போடுகிற பையன் போன வருடம்தான் அங்கிருந்து வந்திருப்பான். "அண்ணே, எந்த ஊரு?" என்று அவன் கேட்பான், நாம் பாடாங் செராய் என்போம், அவனுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஆனால் ஒரு துண்டு கூடப் போடுவான்.

எந்தக் கடை என்றால், கேம்பல் ஸ்ட்ரீட்டில் ஹமீதியா இருக்கிறது, 1907-லிருந்து நடக்கிற கடை. முதல் தடவை வருகிறவர்களை நான் அங்கேதான் கூட்டிப் போவேன், உட்கார இடம் ஒழுங்காக இருக்கும், வயதானவர்களுக்குக் கஷ்டமில்லை. குர்த்வாரா ரோட்டில் டீன் மாஜூ, வரிசை பார்த்தாலே பயமாக இருக்கும், ஆனால் பார்ப்பதைவிட வேகமாக நகரும். பினாங்கு ரோட்டில் லைன் கிளியர் ஒரு சந்துக்குள் இருக்கிறது, அது இரவு ஷிப்ட்டு முடித்து வருகிறவனுக்கான கடை, வேர்த்து விறுவிறுத்துச் சாப்பிடுகிற இடம். மூன்றில் எது பெரிது என்று என்னிடம் கேட்காதீர்கள், எங்கள் வீட்டிலேயே இதற்குச் சண்டை உண்டு. என் கணக்கு வேறு: காலை பதினொன்றரைக்குப் போங்கள். அப்போதுதான் கோழி பொரித்து வந்திருக்கும், கணவாய் சட்டியில் இன்னும் குவிந்து இருக்கும், வெண்டைக்காய் குழையாமல் நிற்கும். ஒன்றரைக்குப் போனால் அதே சட்டியில் எண்ணெயும் மிச்சமும்தான்.

குழம்பு விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாசி கண்டாரின் உயிரே குழம்புகளைக் கலந்து ஊற்றுவதில் இருக்கிறது, கோழி, மீன், இறால், பருப்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. சோறு முழுக வேண்டுமென்றால் "பஞ்சிர்" என்று கேட்பார்கள், வெள்ளம் என்று அர்த்தம், பொருத்தமான வார்த்தைதான். ஆனால் அந்தக் கலவையில் பெரும்பாலும் மாட்டுக்கறிக் குழம்பும் ஒரு கரண்டி சேரும். மாட்டுக்கறி வேண்டாம் என்று துண்டை மட்டும் விட்டுவிட்டுக் குழம்பை அப்படியே வாங்கிச் சாப்பிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் பெரியம்மாவும் இருபது வருடம் அப்படித்தான் சாப்பிட்டார், இன்றைக்கு வரைக்கும் அவரிடம் நான் சொல்லவில்லை. ஊற்றுவதற்கு முன்பே "மாட்டுக் குழம்பு வேண்டாம், கோழியும் மீனும் மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்க மாட்டார்கள், தினமும் கேட்டுப் பழகியவர்கள்தான்.

இன்னொன்று, விலை கேட்டுவிட்டு எடுங்கள். கோழி, முட்டை, காய்க்கெல்லாம் பயமில்லை. பெரிய இறால், மீன் தலை, மீன் முட்டை, இதெல்லாம் எடைக்கும் அளவுக்கும் ஏற்ற விலை. ஒரு தடவை, கடையின் பெயர் வேண்டாம், சித்தப்பா குடும்பத்தோடு போனபோது அவர் ஜம்பமாக "தம்பி, அந்தப் பெரிய இறால் நாலு வைப்பா" என்று சொல்லிவிட்டார். கல்லாவில் கணக்கைப் பார்த்ததும் சித்தப்பா என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன், சுவரில் விலைப்பட்டியல் இல்லை. பட்டியல் வைக்க வேண்டும் என்று நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. கேட்டதற்கு, இறால் விலை தினமும் மாறுகிறதாம். திரும்பி வரும்போது பாலம் முழுக்க யாரும் பேசவில்லை. தப்பு கடைக்காரர் மேல் பாதி, சித்தப்பா மேல் பாதி.

இப்போது அம்மா கதை. வெள்ளிக்கிழமை என்றால் முதலில் குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோவில், 1833-இல் கட்டியது, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் லிட்டில் இந்தியா முழுக்கப் பூவும் பக்கோடா எண்ணெயும் கலந்த வாசனை. பினாங்கு ஸ்ட்ரீட்டில் உட்லண்ட்ஸ் இருக்கிறது, ஸ்ரீ ஆனந்த பவனும் இருக்கிறது, அம்மாவுக்கு உட்லண்ட்ஸ்தான். அங்கே காலை பத்து மணிக்குள் தோசை, அதற்கு மேல் சாப்பாடு வரும்வரை காத்திருப்பது வீண். வாழை இலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும், ரசம் கொதியாக வரும். அம்மா எந்தக் கடை ரசத்தையும் முதல் வாய்க்கு "பரவாயில்லை" என்பார், இரண்டாவது தடவை வாங்கினால்தான் நல்லா இருக்கிறது என்று அர்த்தம். அங்கே இரண்டு தடவை வாங்கியிருக்கிறார்.

சைவத்துக்கு நம் கடைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் சீனச் சைவக் கடை பழக்கமானது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கும் அதே சாலையில் கொஞ்சம் நடந்தால் குவான் யின் கோவில், எந்நேரமும் ஊதுபத்திப் புகை. அந்த அம்மனைக் கும்பிடுகிற சீனர்கள் நிறைய பேர் மாட்டுக்கறியைத் தொடுவதில்லை, சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் முழுச் சைவம். நம் கணக்கில் அது ஏறக்குறைய அமாவாசையும் பௌர்ணமியும். அந்த இரண்டு நாளும் சீனச் சைவக் கடைகளில் முப்பது நாற்பது வகை வைப்பார்கள், தட்டை எடுத்து வேண்டியதை நாமே எடுத்துக்கொண்டு கல்லாவில் காட்ட வேண்டியது. அமாவாசை விரதம் இருக்கிற என் அம்மாவும், பெயர் தெரியாத ஒரு சீன ஆன்ட்டியும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் பீன்கேர்ட்டைக் காட்டி, மலாயில் ருசி என்று அர்த்தம் வரும் "செடாப், செடாப்" என்று சொல்லிக்கொண்டதை நான் பார்த்தேன். பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்காத கடைகள் உண்டு. கறி மாதிரியே செய்து வைத்திருப்பதைப் பார்த்து முதல் நாள் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாவில் செய்தது என்று நம்ப வைக்கக் கால் மணி நேரம் ஆனது.

சாயங்காலம் என்றால் பாடாங் கோத்தா. கடற்கரையில், பழைய கோட்டை பக்கத்தில் அங்காடிக் கடைகள். அங்கே ஹமீத் பாத்தா மீ சோத்தோங் கடையில் ஒரு தட்டு மீ கோரிங், அதாவது பிரட்டிய நூடுல்ஸ், சாப்பிடுங்கள். மஞ்சள் மீ சீனர்களுடையது, சட்டி தமிழ் முஸ்லிம்களுடையது, மேலே போடும் கணவாய்ச் சம்பல் பாதி மலாய், உருளைக்கிழங்கு எப்படி உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது, எலுமிச்சையைப் பிழிந்துவிட்டால் யார் யாருடையது என்ற கேள்வியே மறந்துபோகும். ஐந்து மணிக்குக் காற்றும் இருக்கும், மீயும் இருக்கும். ராத்திரி எட்டுக்கு வந்துவிட்டு முடிந்துவிட்டது என்று என்னைத் திட்டாதீர்கள். பக்கத்திலேயே பசெம்போர், அதாவது தமிழ் முஸ்லிம்கள் செய்யும் மாமாக் ரோஜாக், நாமே வடையும் இறால் பொரியலும் பொறுக்கிக் கொடுத்தால் வெட்டி, வெள்ளரிக்காயும் கிழங்குச் சாறும் ஊற்றித் தருவார்கள். இதிலும் இறால் இருக்கிறது. சித்தப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசாம் லக்சா என்ற புளிப்பு மீன்சாற்று நூடுல்ஸுக்கு ஆயர் ஈத்தாம் போக வேண்டும், கெக் லோக் சி கோவில் மலையடிவாரத்தில், சந்தைப் பக்கம். சி.என்.என். 2011-இல் போட்ட உலகின் சிறந்த ஐம்பது உணவுப் பட்டியலில் பினாங்கு ஆசாம் லக்சாவுக்கு ஏழாவது இடம், அதிலிருந்து வெளியூர்க்காரர்கள் தட்டைப் படம் பிடிக்காமல் சாப்பிடுவதில்லை. நம் நாக்குக்கு இது அந்நியமே இல்லை. கெம்போங் மீனை வேகவைத்து, முள் எடுத்து, உதிர்த்து, புளிப்பாகக் கொதிக்க விட்டால் என்ன? நம் வீட்டுப் புளிக்குழம்புதான். அதில் புதினா, அன்னாசி, வெள்ளரி, வெங்காயம், புங்கா கந்தான் என்ற இஞ்சிப் பூ, கடைசியாகக் கரண்டியில் கறுப்பாக ஓர் இறால் பசை. அந்தப் பசைதான் பிரச்சினை. பழகாதவர்கள் முதலில் அதைக் கலக்காமல் இரண்டு வாய் குடித்துப் பாருங்கள், அப்புறம் ஓரமாகக் கரையுங்கள். என் தங்கச்சி மாப்பிள்ளை மொத்தத்தையும் ஒரே சுற்றில் கலக்கிவிட்டு, கருவாட்டுக் கூடைக்குள் விழுந்த மாதிரி இருக்கிறது என்றார். மறு மாதம் அவரே "லக்சாவுக்குப் போவோமா மச்சான்" என்று கேட்டார்.

சார் குவே தியோ, அதாவது பிரட்டிய பட்டை அரிசி நூடுல்ஸ், பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. சியாம் ரோட்டில் கரி அடுப்பில் ஒவ்வொரு தட்டாகப் பிரட்டுகிற கடை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் 2022 கடைசியில் மிஷலின் உணவக வழிகாட்டி பினாங்குக்கு வந்த பிறகு இந்த ஊரில் எந்த வரிசையும் குறைந்ததாகத் தெரியவில்லை, ஒரு தட்டு குவே தியோவுக்கு ஒரு மணி நேரம் நிற்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது. வரிசையில்லாத நாலு தெரு தள்ளிப் போனால் அதில் முக்கால் வாசி ருசி பத்து நிமிடத்தில் கிடைக்கும். பன்றிக் கொழுப்பில் வதக்குகிற கடைகள் அதிகம், வேண்டாதவர்கள் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஹொக்கியென் மீ என்றால் இங்கே இறால் சூப், கோலாலம்பூரில் தருகிற கறுப்பு மீ இல்லை, ஆர்டர் கொடுத்துவிட்டு முறைக்காதீர்கள்.

சீனர் கோப்பிக்கடைக்குள் நுழைந்து திருதிருவென்று முழிக்கிற நம்மவர்களுக்காக: முதலில் மேசை பிடியுங்கள், அதன் எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு ஒட்டுக்கடையிலும் போய்ச் சாப்பாட்டைச் சொல்லி, மேசை எண்ணையும் சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள், கொண்டுவந்து வைத்ததும் அவரவருக்குத் தனித்தனியாகக் காசு. தண்ணீர், அதாவது கோப்பி, தேநீர் எல்லாம், கடை முதலாளியுடையது, அதை வாங்காமல் உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை. வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து மேசையில் வைக்கிற பழக்கத்தை, அம்மா, தயவுசெய்து.

வெயிலுக்கு செண்டோல். பினாங்கு ரோட்டிலிருந்து பிரியும் கெங் குவீ சந்தில் 1936-லிருந்து நடக்கும் தியோச்சூ செண்டோல் வண்டி. தேங்காய்ப்பால், கருப்பட்டி மாதிரி குலா மலாக்கா, சிவப்புப் பயறு, பச்சைப் புழு மாதிரி மாவு. நின்றுகொண்டே குடித்துவிட்டு நகர வேண்டியதுதான். மூன்று மணி வெயிலில் போனால் பாதி மலேசியா அங்கே நிற்கும், காலை பதினொன்றுக்குப் போனால் நாலு பேர்.

எப்படிப் போவது என்றும் கேட்பார்கள். நாலைந்து பேர் என்றால் காடியைப் பட்டர்வொர்த்தில் நிறுத்திவிட்டு ஃபெரியில் நடந்தே ஏறுங்கள். பழைய மஞ்சள் ஃபெரியில் காடியோடு போன நினைப்பில் சிலர் காடியை ஓட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு வந்துவிடுகிறார்கள், 2021-லிருந்து அது கிடையாது, மோட்டார் சைக்கிளுக்கும் ஆளுக்கும் மட்டும்தான். அக்கரையில் இறங்கினால் லிட்டில் இந்தியா நடக்கிற தூரம், நடக்க முடியாதவர்களுக்கு நகருக்குள் சுற்றும் இலவசப் பேருந்தும் உண்டு. இளவட்டங்கள் மோட்டாரில் பாலத்திலேயே போகிறார்கள், 2019-லிருந்து மோட்டாருக்கு டோல் இல்லை. மழை வந்தால் பதிமூன்றரைக் கிலோமீட்டர் பாலத்தில் ஒதுங்க இடமில்லை என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள், எனக்கு அனுபவம். நோன்பு மாதத்தில் பகலில் நாசி கண்டார் தேடி அலையாதீர்கள், சாயங்காலத்துக்குத் திட்டமிடுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு எங்கள் பக்கத்தை விட்டுவிட்டால் நன்றாக இருக்காது. பினாங்குக்காரர்களே பாலம் தாண்டி லூனாஸுக்கு வாத்து வறுவல் சாப்பிட வருகிறார்கள், அது எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். பாடாங் செராயில் காலையில் பசியாற எங்கள் தெருமுனை ஆச்சி வண்டியில் சுடும் அப்பத்துக்கு ஈடாகத் தீவில் நான் எங்கும் சாப்பிட்டதில்லை. ஆனால் ஆறரைக்கே தீர்ந்துவிடும், விருந்தாளிகள் எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. டிரான்ஸ்பர் ரோட்டுப் பக்கம் ரொட்டி பெங்காலி சுடும் பழைய ரொட்டிக்கடை இருக்கிறது. வங்காளிக்கும் அந்த ரொட்டிக்கும் சம்பந்தமில்லை, வேலை செய்தவர்களையே பங்காளிகளாகச் சேர்த்து நடத்திய கடை என்பதால் வந்த பெயர் என்று ஒரு கதை சொல்வார்கள். பங்காளி ரொட்டி! அண்ணன் தம்பிக்குள் நிலத்துக்குச் சண்டை போடுகிற வார்த்தை, பினாங்கில் கறிக்குழம்பில் தோய்த்துச் சாப்பிடுகிற ரொட்டிக்குப் பெயராக நிற்கிறது. மேலே கறுகலாக, உள்ளே பஞ்சாக, மறுநாள் காலை ஆட்டுக்கறிக் குழம்பு மிச்சத்தோடு சாப்பிட்டால் நாசி கண்டாரே வேண்டாம். என் வீட்டில் தங்கிவிட்டுப் பினாங்கு சுற்றப் போகிற சொந்தக்காரர்கள் திரும்பி வரும்போது எனக்கு ஒரு ரொட்டி வாங்கி வாருங்கள். துண்டு போடாத முழு ரொட்டி. துண்டு போட்டால் பாடாங் செராய் வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடுகிறது.